கொழும்பில் புதிதாக வீடு எடுப்பவர்களுக்கு: இணையத்தில் உள்ள வீதிப் படமும் உங்கள் வீட்டுப் பூட்டும்

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் களவு போனது. வீட்டுக்கார அன்ரியும் குடும்பமும் நல்லூர்த் தேருக்கென்று யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் குசினிப் பக்கத்து யன்னல் கம்பி வளைந்திருக்கிறது, அலுமாரி திறந்து கிடக்கிறது, நகைப்பெட்டி இல்லை. வீட்டோடு சேர்ந்த தனிப்பகுதியான அனெக்ஸில் மட்டக்களப்புப் பொடியன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். இரவு வேலை. சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒவ்வொரு நாளும் வழி தவறுகிறார்கள் என்று, வீட்டுக் கேற்றைச் சுற்றிவரப் படம் எடுத்துக் கூகுள் மேப்ஸில் ஏற்றி, ஒரு பெயரும் வைத்திருந்தான். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்து அன்ரிக்குக் காட்டினார்.

"உன்ரை படத்தைப் பாத்துத்தானே தம்பி கள்ளன் வந்தவன்" என்று அன்ரி சொன்னது மதிலுக்கு இப்பால் எனக்குக் கேட்டது. இரண்டு கிழமையில் பொடியன் பெட்டியைக் கட்டிவிட்டான். முற்பணத்தில் பாதி திரும்பவில்லை. அவனுக்காக நான் பேசினேன், ஆனால் பேச வேண்டிய அளவுக்குப் பேசவில்லை. வளைந்த யன்னல் வீட்டின் பின்பக்கம் இருந்தது. அவன் ஏற்றிய படத்தில் அந்தப் பக்கம் இல்லை. வீதிகளைப் படம் எடுத்து ஓடும் கூகுள் வாகனம் எடுத்த படத்திலும் இல்லை. வீட்டில் ஒருவரும் இல்லை என்பதை ஊருக்கே சொன்னது, தேர் நாளன்று குடும்பத்தார் எல்லோரும் கோயில் வீதியில் நின்று எடுத்துப் பேஸ்புக்கில் போட்ட படம்.

யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் என்று பல ஊர்களிலிருந்தும் படிக்கவும் வேலை செய்யவும் பிள்ளைகள் இங்கே வந்தபடி இருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று அறையோ அனெக்ஸோ தேடும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இணையத்தில் உங்கள் வாசல் தெரிவது எவ்வளவு ஆபத்து, எதை மறைக்க வேண்டும், களவு போனால் பழி யார் தலையில், இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வீட்டுக்குள் காலடி வையுங்கள்.

முதலில், அந்தப் படம் என்ன படம்

கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2007 மே மாதம் அமெரிக்காவின் சில நகரங்களில் தொடங்கியது. இலங்கை வீதிகள் 2016 இல் அதில் வந்தன. கூரையில் பல கமராக்களைப் பூட்டிய வாகனம் வீதி வீதியாக ஓடி, சில மீற்றருக்கு ஒரு தடவை சுற்றிவரப் படம் எடுக்கும். நாங்கள் பார்ப்பது நேரடி ஒளிபரப்பு என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்து, ஒரு கிழமையாக முன்விறாந்தையில் இருக்கவே மறுத்தார். அது நேரடிப் படம் இல்லை. படத்தின் மூலையில் எடுத்த மாதமும் வருடமும் இருக்கும். சில ஒழுங்கைகளில் பழைய வீடு இடிபட்டுத் தொடர்மாடி எழும்பிய பிறகும் படத்தில் பழைய வீடே நிற்கும்.

முகங்களையும் வாகன இலக்கத் தகடுகளையும் கூகுள் 2008 இலிருந்து தானாகவே மங்கலாக்குகிறது. வீட்டை அப்படி மங்கலாக்குவதில்லை. கேற்றில் எழுதிய இலக்கம், பெயர்ப்பலகை, பல்கனியில் காயும் உடுப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

கமராவின் உயரத்தைக் கவனியுங்கள். அது வாகனத்தின் கூரைக்கு மேலே, வீதியில் நடப்பவரின் கண்ணைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே வழிப்போக்கனுக்குத் தெரியாத மதிலின் உட்பக்கம் அதற்குத் தெரியும். யப்பானில் மக்கள் இதைச் சொல்லித்தான் முறையிட்டார்கள். 2009 இல் கூகுள் அங்கே கமராவை 40 சென்றிமீற்றர் இறக்கி வைத்து, வீதிகளைத் திரும்பப் படம் எடுக்க ஒப்புக்கொண்டது. மதில் கட்டி வாழும் கொழும்பிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மதிலுக்கு மேலால் என்ன தெரிகிறது?

வீடு எடுக்குமுன் படத்தில் நடந்து பாருங்கள்

தரகர் அனுப்பிய விலாசத்தை மேப்ஸில் போட்டு, மஞ்சள் மனிதன் உருவை இழுத்து வீதியில் விடுங்கள். கைத்தொலைபேசி என்றால் அந்த இடத்தின் சின்னப் படத்தைத் தொட்டாலே வீதிக்காட்சி திறக்கும். காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பி, வாசல் மட்டும் ஒவ்வொரு படமாக நடந்து போங்கள். பின்னால் மரைன் டிரைவ் பக்கமாக வழி இருந்தால் அங்கிருந்தும் வாருங்கள்.

இதில் முதல் இலாபம் உங்களுக்குத்தான். "காலி வீதிக்கு ரெண்டு நிமிசம்" என்று தரகர் சொன்ன வீடு உண்மையில் எவ்வளவு தூரம், ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்புமா, இரவில் தனியே நடந்து வரக்கூடிய இடமா என்பதை ஊரிலிருந்தே பார்த்துவிடலாம். கொழும்பு வீட்டு இலக்கங்களின் குழப்பம் வந்த புதிதில் தலையைச் சுற்ற வைக்கும். 15 க்குப் பக்கத்தில் 15/1, அதற்குப் பின்னால் 15/3ஏ, நடுவில் 15/2 ஐக் காணவே இல்லை. முதல் நாள் இரவு பஸ்ஸால் இறங்கிப் பெட்டியோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு, கேற்றின் நிறத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். அந்தப் படமே இருக்கக்கூடாது என்று நான் சொல்லாதது அதனால்தான்.

அடுத்து, அதே படத்தைக் கள்ளனின் கண்ணால் பாருங்கள். மதிலோடு ஒட்டி ஏறக்கூடிய மரமோ மின்கம்பமோ இருக்கிறதா? பக்கத்துச் சந்து பின்பக்கம் வரை போகிறதா? ஏ.சி. இயந்திரம் வைத்த தட்டு மேல்மாடி யன்னலுக்கு ஏணியாகுமா? பக்கத்தில் கட்டடவேலை நடந்து சாரம் கட்டியிருக்கிறார்களா? வெள்ளவத்தையில் எப்போதும் எங்காவது கட்டுகிறார்கள், அந்தச் சாரம்தான் எனக்கு மதிலைவிடப் பயம். கண்ணில் பட்டதை எழுதி வைத்து, வீடு பார்க்கப் போகும் நாளில் அந்த இடங்களை நேரில் பாருங்கள். படம் பழையதாக இருக்கலாம், மரம் தறித்திருக்கலாம்.

மங்கலாக்குவது எப்படி, எப்போது

வீட்டை மறைக்கும்படி கூகுளிடம் கேட்க முடியும். பணம் இல்லை. சட்டத்தரணியும் தேவையில்லை.

வீட்டு வாசலுக்கு நேரே உள்ள வீதிப் படத்தைத் திறவுங்கள். கணினியில் என்றால் கீழே மூலையில், கைத்தொலைபேசியில் என்றால் மூன்று புள்ளிகளுக்குள், 'ரிப்போர்ட் எ ப்ரொப்ளம்' என்று இருக்கும். அதை அழுத்தினால் ஒரு படிவமும் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெட்டியும் வரும். படத்தை நகர்த்தி உங்கள் வீட்டை அந்தப் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். எதை மங்கலாக்க வேண்டும் என்ற கேள்விக்கு முகம், வீடு, வாகனம் என்று தெரிவுகள் இருக்கும். வீட்டைத் தெரிவுசெய்து, ஏன் என்று இரண்டு வரி எழுதி, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள். பெட்டியைச் சரியாக வைப்பது முக்கியம். சரிந்து பக்கத்து வீட்டில் நின்றால் அவர்களின் வீடு மறைந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் மூன்று விடயம். மங்கலாக்கியதைத் திரும்பத் தெளிவாக்க மாட்டோம் என்பது கூகுளின் விதி. அப்படியென்றால் வாடகைக்கு இருக்கும் நீங்கள் தனியாக முடிவெடுக்கும் காரியம் இல்லை இது. வீட்டுக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும், நாளைக்கு அவர் வீட்டை விற்க நினைக்கலாம். இரண்டாவது, ஒரு வீடு பல படங்களில் விழும். முன்னும் பின்னும் சில அடி நகர்ந்து, குறுக்கு வீதியிலிருந்தும் பார்த்து, இன்னும் தெரிந்தால் அந்தப் படத்திலிருந்தும் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். பழைய வருடப் படங்களைக் காட்டும் இடம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். மூன்றாவது, வரிசையாய் இருபது வீடு தெளிவாக நிற்க ஒன்று மட்டும் புகைமூட்டமாய் நின்றால் கண் அங்கேதான் போகும்.

ஜேர்மனியில் 2010 இல் ஸ்ட்ரீட் வியூ தொடங்க முன்னரே, 20 நகரங்களில் ஏறக்குறைய 2,44,000 வீட்டார் தங்கள் வீட்டை மறைக்கும்படி எழுதிக் கொடுத்தார்கள். அந்த நகரங்களின் வீடுகளில் அது சுமார் 3 சதவீதம். அதற்கு முந்திய வருடம் இங்கிலாந்தில் புரோட்டன் என்ற ஊரில் ஆட்கள் வீதியில் இறங்கிக் கூகுள் வாகனத்தை மறித்தே விட்டார்கள். அந்த ஊரில் அதற்குச் சற்று முன் வீடுடைப்புகள் நடந்திருந்தன, அந்தப் பயம் அவர்களுக்கு.

எங்கள் ஆட்களின் பயத்துக்கு வேறு வேர் இருக்கிறது. போர்க்காலத்தில் கொழும்பில் தமிழ் வீடுகளைப் பொலிஸார் பதிந்த காலம், யார் எந்த அறையில் இருக்கிறார் என்று நடுச்சாமத்தில் கேட்டு வந்த காலம், 2007 யூன் மாதம் லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய விடியற்காலை, இவற்றைக் கண்ட ஒருவர் "வீட்டைப் படம் எடுத்து வச்சிருக்கிறாங்களாம்" என்றால், அந்தக் குரலைப் பகிடி பண்ணாதீர்கள். அப்படி ஒரு மூத்தவரின் வீட்டில் நீங்கள் குடியிருந்தால், அவரோடு இருந்து அந்தப் படத்தைத் திறந்து காட்டுங்கள். எடுத்த வருடத்தைக் காட்டுங்கள், முகங்கள் மறைந்திருப்பதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர் மறைக்கச் சொன்னால் மறைத்துக் கொடுங்கள்.

என் கணக்கில் கட்டாயம் மங்கலாக்க வேண்டிய வீடுகள் சில உண்டு. அடிக்கும் கணவனிடமிருந்தோ துரத்தும் ஒருவனிடமிருந்தோ விலகி வந்து ஒரு பெண் இருக்கும் வீடு. எழுத்துக்காகவோ வழக்குக்காகவோ மிரட்டல் வாங்கிய ஒருவரின் வீடு. திறந்த கதவாலோ யன்னலாலோ உள்ளறை தெரியும் படம். தானியங்கி தவறவிட்டதால் பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியும் படம். இவற்றுக்கு இன்றைக்கே அனுப்புங்கள். மற்ற வீடுகளுக்கு மங்கலாக்குவதால் களவு குறையும் என்று நான் நம்பவில்லை. ஒழுங்கைக்குள் ஒரு தடவை நடந்து வருபவனுக்கு அதைவிடக் கூடத் தெரியும்.

நாங்களே ஏற்றிய படங்கள்

கூகுள் வாகனம் எடுத்ததைவிட ஆட்கள் எடுத்தவைதான் வீட்டைக் கூடுதலாகக் காட்டுகின்றன. வாடகை விளம்பரங்களைப் பாருங்கள். இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக் குழுக்களிலும் அறை, குசினி, பின்கதவு, யன்னல் கம்பி, மாடிப்படி என்று பத்துப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். களவெடுக்க வருபவனுக்கு வேண்டிய வரைபடமே அதில் இருக்கிறது. நீங்கள் குடிவந்த பிறகும் அந்த விளம்பரம் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். முற்பணம் கொடுக்கும் அன்றே, விளம்பரத்தை எடுத்துவிடும்படி வீட்டுக்காரரையும் தரகரையும் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து நீங்களே தேடிப் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

மேப்ஸில் வீட்டை ஓர் இடமாகச் சேர்த்துப் பெயர் வைக்க வேண்டாம். உங்கள் கணக்குக்குள் 'வீடு' என்று சேமித்தால் அது உங்களுக்கு மட்டும் தெரியும், புதிய இடமாகச் சேர்த்தால் ஊருக்கே தெரியும். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். அந்த மட்டக்களப்புத் தம்பியும் அப்படித்தான். யாராவது ஏற்கெனவே சேர்த்திருந்தால் அந்த இடத்தைத் திறந்து, நீக்கும்படி முறையிடலாம். ஆட்கள் ஏற்றிய படத்துக்கும் ஒவ்வொன்றிலும் முறையிடும் வழி இருக்கிறது. வீட்டை மங்கலாக்கும் விண்ணப்பம் இந்தப் படங்களுக்குச் செல்லாது, தனித்தனியாகவே செய்ய வேண்டும். மாப்பிலரி போன்ற வேறு வீதிப்படத் தளங்களும் உண்டு. அங்கே யாரும் படம் ஏற்றலாம், அங்கேயும் முறையிடலாம்.

கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு கழன்றுவிடும், கோப்பாக இணைத்து அனுப்பினால் கூடவே போகும். தளபாடம் விற்க ஆள் தேடுகிறீர்களா, கமராவின் அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்.

வீடு வெறுமையாக இருக்கும் நேரம்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கள்ளனுக்கு உங்கள் கேற்றின் நிறம் பெரிய செய்தி இல்லை. எப்போது ஒருவரும் இல்லை என்பதுதான் செய்தி. ஸ்ட்ரீட் வியூ படம் எத்தனை வருடம் பழையதானாலும் அதை அவனுக்குச் சொல்லாது. சொல்வது நாங்கள்.

எங்கள் பழக்கவழக்கங்களை எடுத்துப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். தேரும் தீர்த்தமும் கடைசி இரண்டு நாள் பகலில் வரும். அந்தக் கிழமை வெள்ளவத்தையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்பதைக் காலி வீதியில் இரவு பஸ்ஸுக்கு நிற்கும் பெட்டிகளைப் பார்த்தே யாரும் சொல்லலாம். அதற்கு மேல் நாங்கள் பஸ்ஸுக்குள் இருந்து படம் எடுத்து, "ஊருக்குப் போறம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். தைப்பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் இதே கதை. போங்கள், படமும் எடுங்கள், திரும்பி வந்து போடுங்கள். தேர் அடுத்த நாளும் அழகாகத்தான் இருக்கும்.

மரண அறிவித்தலைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பத்திரிகையிலும் இணையத்திலும் நாங்கள் போடும் அறிவித்தலில் வீட்டு விலாசம், பிள்ளைகளின் பெயர், எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள், தொலைபேசி இலக்கம், பூதவுடல் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது வரை இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும் வீடு, குறித்த நேரத்தில் எல்லோரும் மயானத்தில். இந்த வழக்கத்தை விடச் சொல்லவில்லை, துக்கத்துக்கு ஆள் வரவேண்டும். கிரியை நேரத்தில் வீட்டில் இருக்க நம்பிக்கையான இருவரை நிறுத்துங்கள். முன்பு ஊரில் அயலார் கேட்காமலே செய்த வேலை அது. கொழும்பில் நாங்கள்தான் கேட்டு ஒழுங்குபண்ண வேண்டும். கல்யாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் இதுவே பொருந்தும். வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அழைப்பிதழில் வீட்டு விலாசத்தை விட்டு மண்டப விலாசம் மட்டும் இருந்தால் போதாதா? நகை போட்டு நிற்கும் பிள்ளையின் படத்தைப் போட்ட அன்றே வீட்டு விலாசமும் அதே குழுவில் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய புத்தி தேவையில்லை.

வட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று பகிரலாம். பிள்ளைகள் இரவில் வரும்போது அம்மாவுக்கு அனுப்ப அருமையான வசதி. ஒருவருக்கு அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். ஓட்டத்தையும் நடையையும் கணக்கிடும் செயலிகளில் உங்கள் பாதை வாசலில் தொடங்கி வாசலில் முடியும். அதைப் பொதுவில் விடாதீர்கள். வாடகை வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும் செயலியில் இடக்குறியை ஒழுங்கை முகப்பில் வைத்து நடந்து போய் வாங்கலாம். தனியே இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பொதி வந்தால் மேலுறையில் பெயர், விலாசம், தொலைபேசி மூன்றும் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

பூட்டு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவை உங்களுக்கே தெரிந்திருக்கும். முன்பு இருந்தவரிடம் திறப்பின் பிரதி இருக்கலாம், ஆகவே குடிவந்ததும் பூட்டை மாற்றக் கேளுங்கள். பின்பக்க யன்னலையும் குளியலறைக் காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மாலையில் லைற் போடச் சொல்லுங்கள். கேற்றில் சொருகும் விளம்பரத் தாள்களை எடுக்கவும் ஒருவர் வேண்டும், நாலு நாள் தாள் சேர்ந்த கேற் ஆளில்லை என்று சொல்லிவிடும். சிசிடிவி கமரா பூட்டினால் உங்கள் வாசலை நோக்கித் திருப்புங்கள், அடுத்த வீட்டு அறையை நோக்கி வேண்டாம்.

களவு போனால் பொறுப்பு யாருக்கு

களவுக்குப் பொறுப்பு களவெடுத்தவனுக்கு. பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த இதை அந்த ஆவணியில் எங்கள் ஒழுங்கை மறந்தே போனது. அன்ரி பொடியனைத் திட்டினார், அயலார் அன்ரியின் மகளைத் திட்டினார்கள், பேஸ்புக்கில் படம் போட்டாளாம். கள்ளனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டினது. அதன் 366 ஆம் பிரிவு களவைச் சொல்லும்போது, நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை எடுப்பதைத்தான் சொல்கிறது. உடந்தையாவதற்கும் எண்ணம் வேண்டும். "இந்த வீட்டில் சனிக்கிழமை ஆளில்லை, பின்யன்னல் பலமில்லை" என்று தெரிந்தே கள்ளனுக்குச் சொன்னவர் உடந்தை. களவெடுத்தது என்று தெரிந்து நகையை வாங்கியவரும் குற்றவாளி. சாப்பாட்டுக்காரர் வழி கண்டுபிடிக்கட்டும் என்று கேற்றைப் படம் எடுத்தவர் இதில் எங்கும் வரமாட்டார். திருவிழாப் படம் போட்ட மகளும் வரமாட்டாள். கவனமாக இருந்திருக்கலாம் என்று சொல்வது வேறு, அவளால்தான் களவு போனது என்று சொல்வது வேறு.

படம் வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வீதியிலிருந்து எல்லோருக்கும் தெரியும் ஒன்றைப் படம் எடுத்ததற்காக, இடையில் புகுந்த மூன்றாம் ஆளின் களவை நிறுவனத்தின் தலையில் கட்டுவது மிகக் கடினம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒரு தம்பதி, கூகுள் வாகனம் தங்கள் தனி வழிக்குள் புகுந்து படம் எடுத்தது என்று 2008 இல் வழக்குப் போட்டார்கள். தனியுரிமைக் கோரிக்கை நிற்கவில்லை, அத்துமீறி நுழைந்தது மட்டும் நின்றது. 2010 இல் அவர்களுக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு டொலர். மறுபக்கமும் இருக்கிறது. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் வழிப்பறிக்கு ஆளான ஒரு சிறுவன், சம்பவம் நடப்பதற்குச் சற்று முன் தன்னையும் இருவரையும் அந்த வாகனம் படம் எடுத்திருந்ததைப் பிறகு இணையத்தில் கண்டான். பொலிஸார் மங்கலாக்காத படத்தைக் கூகுளிடம் பெற்று, 2009 இல் இரட்டைச் சகோதரர் இருவரைப் பிடித்தார்கள்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆட்களின் தரவை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அதைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமைகளை அது வகுத்திருக்கிறது, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைந்த சட்டம். ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்வது அதற்குள் அடங்காது. ஆகவே அயலாரோடு படச் சண்டை வந்தால் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், முதலில் கதவைத் தட்டிப் பேசுங்கள். பணவசதி இல்லாமல் சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒப்பந்தம் எழுதும் நாளே நல்ல நாள். யார் பூட்டு, யன்னல் கம்பி திருத்துவது, வீட்டுக்காரர் பக்கத்தில் களவு போனால் முற்பணத்தில் கைவைக்க முடியாது என்பது, வீட்டின் வெளிப்படத்தை இணையத்தில் போட இரு தரப்பும் கேட்டுச் செய்வது. இந்த மூன்று வரியும் அன்று எழுதப்பட்டிருந்தால் அந்தத் தம்பி வெறுங்கையோடு தெஹிவளைக்குப் போயிருக்க மாட்டான்.

களவு நடந்துவிட்டால்

உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று 119 க்கு அழையுங்கள். கைரேகை எடுக்க வருவார்கள், அதுவரை அலுமாரியையும் யன்னலையும் தொட வேண்டாம், கூட்டித் துடைக்கவும் வேண்டாம். அன்ரி வந்த கையோடு வீட்டைக் கூட்டிவிட்டார், கண்ணாடித் துண்டு காலில் குத்தும் என்று.

அயலில் யார் யாரிடம் கமரா இருக்கிறது என்று அன்றே கேளுங்கள். இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும், அடுத்த கிழமை கேட்டால் ஒன்றும் மிஞ்சாது. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லி அந்தப் பகுதியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும்போது தமிழில் எழுதக் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி, அது உங்கள் உரிமை. தமிழ் எழுதக்கூடியவர் அந்த நேரம் இல்லாமல் சிங்களத்தில் எழுதினால், முழுவதையும் வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்து வையுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. ஊகத்தை எழுதுவிக்காதீர்கள். "அனெக்ஸ் பொடியன் படம் போட்டவன்" என்பது தகவல், "அவன்தான் காரணம்" என்பது ஊகம், அந்த ஒரு வரியால் ஓர் இளம் பிள்ளை நாள் முழுக்க நிலைய வாங்கில் இருக்க நேரிடும். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டை போயிருந்தால் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதியதுக்கு விண்ணப்பிக்க அது வேண்டும், காப்புறுதி இருந்தால் அதற்கும் வேண்டும். கைத்தொலைபேசி போயிருந்தால் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள இலக்கத்தை, கேட்பார்கள். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் திரையில் வரும். போன பிறகு அழுத்த முடியாது, இப்போதே கொப்பியில் எழுதி வையுங்கள்.

நகைக்கும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து, நிறையையும் வாங்கிய கடைப் பற்றுச்சீட்டையும் சேர்த்து, வீட்டுக்கு வெளியே ஒரு நம்பிக்கையான ஆளிடம் ஒரு பிரதி கொடுங்கள். பொலிஸில் பதக்கத்தின் படம் கேட்டபோது அன்ரியிடம் ஒன்றும் இருக்கவில்லை. மகளின் கல்யாண அல்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பக்கம் பக்கமாகப் புரட்டியும், எல்லாப் படத்திலும் பதக்கத்தின் பாதியை மாலை மறைத்திருந்தது.